பங்குத்தந்தை பெயரில் நாற்பத்தோரு கம்ப்யூட்டர்கள்

நம் சர்வீஸ் இன்ஜினியர்கள் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டு வந்தவர்களிடம் ஒரு வாரம் டிமிக்கி கொடுத்துப் பார்த்தேன். முடியவில்லை. முப்பது வருஷம் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதில் முக்கால்வாசி, நானே கெடுத்ததை நானே சரி செய்து நல்ல பேர் வாங்கிய கதைகள். அவற்றை மலரில் போட்டால் பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஆனாலும் ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். காரணம், போன மாதக் கூட்டத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் எழுந்து கேட்ட கேள்வி. "சார், கம்பெனியே அந்த சாஃப்ட்வேர நிறுத்திட்டான். காசு குடுக்குறேன்னாலும் கெடைக்காது. கஸ்டமர் ஒரு காப்பி வச்சிருக்காரு, இன்னும் ரெண்டு மெஷின்ல போடச் சொல்றாரு. போடலாமா, கூடாதா?"

சீனியர்கள் அத்தனை பேரும் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை ஆராயத் தொடங்கினோம். அந்த ஃபேன் அவ்வளவு மரியாதையைத் தன் வாழ்நாளில் பார்த்திருக்காது. எனக்குப் பதில் தெரியும். சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் ஃபேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் நம் ஊருக்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. தமிழையும் பிரெஞ்சையும் ஒரே பக்கத்தில் அடிக்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு இது எதற்கு என்று புரியாது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் மேல் பாதி தமிழ், கீழே பாரீசில் இருக்கும் சித்தப்பா பெயர் பிரெஞ்சில். அந்தப் பெயரின் எழுத்துத் தலையில் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனாலும் சித்தப்பா தாலி கட்டும் நேரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். இந்த மென்பொருள் வந்த பிறகு பல சித்தப்பாக்கள் சிரித்தார்கள்.

என் வாடிக்கையாளர்களில் இந்த மென்பொருளின் சிடியை முறையாக வாங்கியது எங்கள் பகுதி மாதா கோயில் பங்கு அலுவலகம் மட்டும்தான். அங்கே அதை நிறுவியவன் நான். நிறுவிவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பிரதி எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அது பத்திரமாகத்தான் இருந்தது, நாற்பத்தோரு கம்ப்யூட்டர்களில். கொஞ்ச நாளில் அந்த மென்பொருளின் விற்பனை நின்றுவிட்டது. எனக்கு இன்னும் வசதி. யாராவது தயங்கினால், "கம்பெனியே செத்துப்போச்சு சார்" என்பேன். டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பதுபோல் அவ்வளவு நிச்சயமாகச் சொல்வேன்.

ஒரே ஒரு சிக்கல். வாங்கியவரின் பெயரை மென்பொருளுக்குள்ளேயே பதித்துத்தான் விற்றிருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் முதலில் ஒரு சின்னப் பெட்டி வரும்: 'உரிமம் பெற்றவர்: பங்குத்தந்தை, மாதா கோயில்.' அச்செடுத்தால் தாளின் அடியிலும் பொடி எழுத்தில் அதே வரி விழும். ஓரிடத்தில் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டால் தாளில் விழாது. ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் எடுத்துவிடுவேன். தொழில் சுத்தம்!

பிள்ளைச்சாவடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா நெருங்கும்போது அவர்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போய்ச் சரி செய்து, மென்பொருளை மறுபடி ஏற்றினேன். அன்று எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு. டிக்கை எடுக்க வேண்டும் என்ற நினைப்புக்கும் வஞ்சிரத்துக்கும் நடந்த போட்டியில் வஞ்சிரம் ஜெயித்தது.

இரண்டு நாள் கழித்து ஊர்த் தலைவரான நாட்டார் ஆள் அனுப்பினார். போனேன். படகு நிழலில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நோட்டீசை நீட்டினார். மேலே அம்மன் படம், நடுவே நிகழ்ச்சி நிரல், உபயதாரர்கள் பட்டியல். எல்லாவற்றுக்கும் அடியில் பொடியாக, 'உரிமம் பெற்றவர்: பங்குத்தந்தை, மாதா கோயில்.'

"இன்னாப்பா இது? எங்க அம்மனுக்குக் கூழு ஊத்த நாங்க சாமியாருகிட்ட உரிமம் வாங்கணுமா?"

"இல்ல நாட்டாரே, அது சாஃப்ட்வேருல…"

"நோட்டீசு அம்புட்டும் ஊரு பூரா குடுத்தாச்சு. பொண்ணு குடுத்த ஊருக்கெல்லாம் போயாச்சு. போன் மேல போன் வருது. மதம் மாறிட்டீங்களாடான்றான்."

பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "உடுங்க மாமா. அவுங்க மாதா தேரு வந்தா நம்ம பசங்கதான மொதல்ல போயி நிக்கிறானுங்க. ஒரு வருசம் சாமியாரு பேரு இருந்தா கூழு இன்னா புளிச்சா போயிடும்?"

நாட்டார் என்னைப் பார்த்தார், நோட்டீசைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அந்த வருஷம் மாதா கோயிலுக்கு ஒரு பானை கூழ் போனது. பங்குத்தந்தை எதற்கு என்று தெரியாமலே ரசித்துக் குடித்தாராம். அப்புறம் வருஷா வருஷம் போகத் தொடங்கிவிட்டது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்: டிக்கை எடுக்க மறக்கக் கூடாது. அந்த வயதில் என் மண்டைக்கு எட்டியது அவ்வளவுதான்.

மீதிப் பாடம் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. முதலியார்பேட்டையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் லூர்து மேரி என்ற பொண்ணு ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தது. நாற்பத்தோரு இடங்களில் அந்தக் கடையும் ஒன்று. கடை கொஞ்ச காலமாகப் படுத்திருந்தது. எல்லோரும் கையிலிருக்கும் போனிலேயே தட்டிக்கொள்ளும் காலத்தில் டைப்பிங் கடைக்கு யார் வருவார்கள்? இந்த நிலையில் ஒரு பெரிய வேலை கைக்கு வந்திருந்தது. மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவுகளும் திருமணப் பதிவுகளும் பல வருஷங்களுக்கு முன் அந்த மென்பொருளில் அடித்து வைக்கப்பட்டவை. வேறு எதில் திறந்தாலும் தமிழ் கட்டம் கட்டமாகவும் பிரெஞ்சு கேள்விக்குறியாகவும் தெரியும். எல்லாவற்றையும் பழைய கையெழுத்துப் புத்தகங்களோடு ஒத்துப் பார்த்து, திருத்தி, அச்செடுத்துத் தர வேண்டும். ஒரு வருஷத்துக்குக் குறையாத வேலை. மூன்று பேர் மூன்று கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும். மேரியிடம் அந்த மென்பொருள் இருந்தது ஒன்றில்தான்.

கடைக்குப் போனேன். இரண்டு புது கம்ப்யூட்டர்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேஜைமேல் இருந்தன.

"வாங்கண்ணே. ரெண்டுலயும் அந்த சிடிய ஏத்திடுங்க. அப்புறம் இதுல ஒரு கையெழுத்து. டீ சொல்லட்டுமா?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். குடும்பங்களின் பதிவேடு என்பதால் பங்கு அலுவலகத்தில் கறாராக ஒரு உறுதிமொழி கேட்டிருந்தார்கள். 'இந்த வேலைக்குப் பயன்படும் மென்பொருள்கள் அனைத்தும் முறையான அனுமதியுடன் நிறுவப்பட்டவை.' கீழே, 'நிறுவியவர் கையொப்பம்.'

சிடியை ஏற்ற எனக்குப் பத்து நிமிஷம் போதும். கையெழுத்துப் போட அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் நகரவில்லை.

"என்னண்ணே, பேனா எழுதலயா?"

"பேனா எழுதுதும்மா. கைதான் எழுத மாட்டேங்குது."

"ஏன்?"

"இது முறையான காப்பி இல்லயே."

மேரி கையைக் கட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. "நாப்பது பேருக்குப் போட்டப்ப வராத ஞானம் எனக்குப் போடும்போதுதான் வருதா? கம்பெனியே செத்துப்போச்சுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். ஆனா நான் சாவுக்குப் போகல."

"வெளையாடாதீங்க பாலு அண்ணே." குரல் மாறிவிட்டது. "திங்கக்கிழம காலைல இந்தக் காகிதம் போகலன்னா வேல மெட்ராசுக்குப் போயிடும். அப்புறம் நான் கடைய மூட வேண்டியதுதான். ரெண்டு பொண்ணுங்களுக்கு வேற வாக்கு குடுத்துட்டேன். அதுல ஒருத்தி சேதராப்பட்டு கம்பெனி வேலைய விடுறேன்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டா."

பிள்ளைகளே, பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே பங்கு அலுவலகம், அதே சிடி. அவர்களுடைய சிடியைச் சுட்டு, அவர்களுடைய வேலைக்கே போட்டு, 'எல்லாம் முறைப்படி' என்று அவர்களுக்கே எழுதித் தர வேண்டும். எனக்கும் ஓரளவு தோல் தடிப்புதான். அந்த அளவுக்குத் தடிப்பில்லை.

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம் குடும்மா" என்றேன்.

"நாளைக்கு மட்டும் செத்தவன் எழுந்து வந்து அனுமதி குடுப்பானா?" என்றது மேரி. டீ வரவில்லை.

நேரே பங்கு அலுவலகம் போய் அந்த மென்பொருளின் அசல் பெட்டியைக் கேட்டேன். அலமாரியின் அடியில் கிடந்தது. உள்ளே சிடியோடு ஒரு அஞ்சல் அட்டை. தபால்தலைகூட ஒட்டியே கொடுத்திருந்தார்கள். 'பதிவு அட்டை. பயன்படுத்துபவர் பெயர். எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? ஏதாவது குறை உண்டா? நிறுவியவர் நிரப்பி அனுப்பவும்.' நிறுவியவர் அனுப்பவில்லை. அட்டையின் நடுவே பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அன்று டீ கிளாசை அதன்மேல் வைத்தவன் நான்தான்.

அட்டையில் இருந்த முகவரி என் வீட்டிலிருந்து சைக்கிளில் ஏழு நிமிஷம். அதற்குப் பக்கத்து வீட்டில் நான் பிரிண்டர் பழுது பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அட்டையில் இருந்த பெயர் அவருடையதுதான்; தெருவில் எல்லோரும் மதாம் செலின் என்பார்கள், அவர் ஆண்களையெல்லாம் முசியே என்பார்.

"உக்காருங்க முசியே. டியூஷனா? யாருக்கு, பேத்திக்கா?"

"இல்ல மதாம். உங்க சாஃப்ட்வேர் விஷயமா…"

நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மெதுவாக இறக்கினார். "அத யாரு இன்னும் ஞாபகம் வச்சிருக்கா?"

மேரியின் கதையைச் சொன்னேன். காகிதத்தையும் காட்டினேன்.

"ரெண்டு காப்பி கூட வேணும், அவ்ளோதான? தாராளமா போட்டுக்கச் சொல்லுங்க. எழுதியும் தரேன். காசெல்லாம் வேணாம். நான் அத மூடி வச்சு எவ்ளோ வருஷம் ஆச்சு."

வந்த வேலை முடிந்தது. எழுந்து வந்திருக்கலாம். வேலையில் பாதி ஆபத்து, எழுந்து வரவேண்டிய நேரத்தில் வாயைத் திறப்பதுதான். நான் திறந்தேன்.

"ஏன் மதாம் நிறுத்துனீங்க?"

"யாருக்கும் வேணாம் முசியே. மொத்தமே பதினோரு பேர்தான் வாங்குனாங்க. அட்டை ரெண்டே ரெண்டுதான் திரும்பி வந்துச்சு. ஒண்ணுல 'நன்று'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. இன்னொண்ணு என் தங்கச்சி அனுப்புனது." சிரித்தார். "நாலு வருஷம் ஸ்கூல் லீவெல்லாம் அதுக்குத்தான் போச்சு. நல்லா இல்ல போலன்னு நெனச்சு விட்டுட்டேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சும்மா எழுந்து வர முடியவில்லை. சொல்லிவிட்டேன். நாற்பத்தோரு கம்ப்யூட்டர். பத்திரிகை அச்சகங்கள், டைப்பிங் கடைகள், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகை, பிள்ளைச்சாவடி கூழ் வரைக்கும். எல்லாம் பங்குத்தந்தை பெயரில்.

மதாம் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். எழுந்து உள்ளே போனார். துடைப்பம் எடுக்கத்தான் போகிறார் என்று செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டும் பென்சிலுமாகத் திரும்பி வந்தார்.

"எழுதுங்க. ஒண்ணு விடாம. யாரு, எந்த ஊரு, எதுக்கு. அப்புறம், ஏதாவது குறை சொன்னாங்களா?"

"குறைன்னா… பிரெஞ்சுப் பேரு வரி முடியுற எடத்துல வந்தா கடைசி எழுத்து அடுத்த வரிக்கு ஓடிடும். ரெண்டு ஸ்பேஸ் தட்டச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

மதாம் பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "மோன் தியே! அது அரை மணி நேர வேல! ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா…"

இத்தனை வருஷமாக நம் ஊரில் நாற்பத்தோரு பேர், வரிக்கு வரி இரண்டு ஸ்பேஸ் தட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவுக்குத் தெரு அதைச் சரிசெய்யப் போய் நான் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தேன். சரி செய்யக் கூடியவர் ஏழு நிமிஷ தூரத்தில், தன் வேலை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு இருந்தார். திருட்டுக் காப்பி வைத்திருப்பவன் குறை சொல்லி எழுத மாட்டான் அல்லவா? நான் அவரிடமிருந்து எடுத்தது பதினோரு பேர் ஐம்பத்திரண்டு பேர் ஆன சேதியை. அதைத் திருடினேன் என்றுகூட எனக்குத் தெரியாது.

"கோவமா மதாம்?"

"கோவந்தான். மொதல்ல பட்டியல முடிங்க, அப்புறம் திட்டுறேன்." சொன்னபடி திட்டினார். தமிழில் பாதி, பிரெஞ்சில் பாதி. பிரெஞ்சு பாதிதான் காரமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், நல்லவேளை புரியவில்லை.

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். மேரிக்கு மூன்று காப்பி. மற்றவர்களும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பங்குத்தந்தை பெயர் போக வேண்டும். அவரவர் பெயர் வர வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டை நிரப்பி வாங்கி வர வேண்டும். வாங்கி வருவது என் பொறுப்பு.

பெயர் பதிக்கும் வசதி அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அது உயிர் பெறவில்லை. முப்பது வருஷ அனுபவத்தோடு பெட்டியைக் கழற்றி, தூசி தட்டி, ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்து முக்கால் மணி நேரம் போராடினேன். மதாம் வந்து சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். ஓடியது.

அன்று சாயந்திரம் மேரியின் கடைக்குள் நுழைந்து மதாமின் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். மேரி இரண்டு தடவை படித்தது.

"உயிரோடதான் இருக்காங்களா?"

"திட்டு வாங்கிட்டு வரேன். நல்ல தெம்பாவே இருக்காங்க."

புது கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்தோம். சின்னப் பெட்டி வந்தது: 'உரிமம் பெற்றவர்: லூர்து மேரி, முதலியார்பேட்டை.' மேரி அதைத் தொட்டுப் பார்த்தது. நான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த முறை டீ வந்தது, கூடவே பருப்பு வடையும்.

வேலை மெட்ராசுக்குப் போகவில்லை. அந்த இரண்டு பெண்களும் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். சோதனைக்கு எடுத்த முதல் பக்கத்தின் அடியில் அந்தப் பொடி வரி விழுந்திருந்தது. பழக்க தோஷத்தில் டிக்கை எடுக்கப் போனேன். "கைய எடுங்கண்ணே. அது இருக்கட்டும்" என்றது மேரி.

நாற்பத்தோரு இடங்களில் இன்னும் மூடாமல் இருந்தவை இருபத்தேழு. மூன்று மாதம் அலைந்தேன். சிலர் அட்டையின் பின்பக்கமும் எழுதினார்கள். சேதராப்பட்டில் ஒருவர் குறைகளுக்காகத் தனித்தாளே இணைத்தார். மதாம் அதைத்தான் முதலில் படித்தார். இரண்டு ஸ்பேஸ் வியாதி அடுத்த வாரமே குணமாகிவிட்டது. பழைய கோப்புகளை இன்றைய எல்லா கம்ப்யூட்டரிலும் திறக்கும்படி மாற்றித் தரும் வேலையை இப்போது ஆரம்பித்திருக்கிறார். டியூஷன் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பிள்ளைச்சாவடியில் மட்டும் கொஞ்சம் தகராறு. "வருசா வருசம் கூழு அனுப்புறோம், இப்பப் போயி பேர எடுத்தா சாமியாரு கோச்சுக்க மாட்டாரா?" என்றார் நாட்டார். பெட்டியில் கடைக்காரர் பெயர் வந்துவிட்டது. நோட்டீசில் பங்குத்தந்தை உபயதாரர் பட்டியலுக்கு ஏறிவிட்டார்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். எல்லா மென்பொருளுக்கும் ஒரு மதாம் ஏழு நிமிஷ தூரத்தில் இருக்க மாட்டார். தேடினால் பூட்டிய கதவுதான் இருக்கும், மெயில் திரும்பி வரும். வாடிக்கையாளர் வாங்கிய ஒரு காப்பியை, செத்த கம்ப்யூட்டரிலிருந்து புதுசுக்கு மாற்றச் சொன்னால் நான் யோசிக்காமல் மாற்றுவேன். அவருடைய கோப்பை அவர் திறக்க வேண்டாமா? இரண்டாவது, மூன்றாவது காப்பி என்றால் முதலில் கேட்கத் தேடுவேன். நிஜமாகத் தேடுவேன். பதிலே வராவிட்டால், போட மாட்டேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் போட்டதைப் போட்டேன் என்று தேதி போட்டு எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுப்பேன். உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டால் போட மாட்டேன். நான் வக்கீல் இல்லை, சுவிட்சைப் போடாமல் முக்கால் மணி நேரம் போராடியவன். வேறு நல்ல வழி தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், ஃபேனைப் பார்க்காமல் கேட்கிறேன்.

நாற்பத்தோராவது காப்பி யாருடையது என்று கேட்கவில்லையே? என் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். அதற்கும் ஒரு பெயர் பதித்துத் தந்தார் மதாம். என்ன பெயர் போட்டிருக்கிறார் என்று சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் திறக்கும்போது அந்தச் சின்னப் பெட்டி வருகிறது: 'உரிமம் பெற்றவர்: கடைசியில் வந்து கேட்டவர்.'

டிக்கை எடுக்கவில்லை. அச்சிட்டு அனுப்பும் தாளின் அடியில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.